பொருளியல் வல்லுநர், சந்தை ஆய்வாளர் வேலைவாய்ப்பு (இந்தியா)

இந்தியாவில் பொருளியல் படித்து வெளிவருவோர் ஏராளம். பொருளியல் வல்லுநர் என்ற பெயரிலேயே கிடைக்கும் பதவிகள் மிகக் குறைவு. அவற்றுக்கு இளங்கலைப் பட்டம் போதாது. முதுகலையும் புள்ளியியலில் நல்ல பிடிப்பும் வேண்டும்.

அரசுத் துறையில் முதன்மையானது 1961-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணி. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. முதல்நிலைத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டுவதில்லை. எனவே இதை மட்டும் நம்பிப் பல ஆண்டுகள் காத்திருப்பது உகந்ததன்று. ரிசர்வ் வங்கியும் தன் ஆய்வுத் துறைக்குத் தனியே ‘கிரேடு பி’ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறது.

சந்தை ஆய்வின் வாசல் அகலமானது. சோப்பு, பிஸ்கட், கைப்பேசி என எதை விற்பவருக்கும் வாங்குவோரைப் பற்றிய தரவு தேவை. வாங்கும் குடும்பங்களைத் தரம் பிரிக்க 2011-இல் இத்துறை ஏற்ற வகைப்பாடு, குடும்பத்தின் வருமானத்தைக் கேட்பதில்லை. முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின்விசிறி, கேஸ் அடுப்பு, இருசக்கர வண்டி, விவசாய நிலம் உள்ளிட்ட 11 உடைமைகளில் எத்தனை உண்டு என்பதையும் கேட்டு, ஏ1 முதல் இ3 வரை 12 படிகளில் ஒன்றில் குடும்பத்தை வைக்கிறது.

இக்கேள்விகளோடு வெயிலில் வீடு வீடாகப் போகும் களப்பணியாளரே இத்தொழிலின் அடித்தளம். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. முடித்துக் கொடுக்கும் படிவத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆய்வு முடிந்தால் வருமானமும் நின்றுவிடும். மேற்பார்வையாளர், பதில் சொன்னவரை மீண்டும் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கையில் பதில் ஒத்துவராவிட்டால் படிவம் தள்ளுபடியாகும். தரவின் தரம் இவர்கள் கையில் இருக்க, பணிப் பாதுகாப்பு இவர்களுக்கே மிகக் குறைவாக இருப்பது இத்துறையின் பெருங்குறை.

கள ஆய்வின் ஒரு பகுதியை இப்போது இணையவழிக் கருத்துக்கணிப்பும் கடைகளின் விற்பனைப் பதிவுகளும் பிடித்துக்கொண்டுள்ளன. ஆர், பைத்தான், எஸ்கியூஎல் ஆகிய கணினி மொழிகள் தெரிந்த பொருளியல் பட்டதாரியை வங்கிகளும் மின்வணிக நிறுவனங்களும் தரவுப் பகுப்பாய்வாளராக எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு வாய்ப்பு மொழியைச் சார்ந்தது. மதுரையிலோ சேலத்திலோ எட்டுப் பேரை உட்காரவைத்து நடத்தும் குழுக் கலந்துரையாடலுக்கு, அவர்கள் பேச்சிலேயே பேசிக் கருத்தை வாங்கத் தெரிந்தவர்தான் வேண்டும். பொருளியலோ உளவியலோ சமூகவியலோ, எதைப் படித்தவரும் அதற்கு முயலலாம்.