குடும்பச் சொத்தும் அறச்சொத்தும்

ஆலயத்துக்கு நிலம் ஈந்த நம் முன்னோர், அக்கொடை சந்திராதித்தர் உள்ளவரை நிலைபெற வேண்டுமென்று கல்லில் பொறித்து வைத்தனர். அதே ஆசையைக் குடும்பச் சொத்தின்மீது வைப்போரும் உண்டு. "என் வழித்தோன்றல்கள் என்றென்றும் அனுபவிக்கட்டும், எவரும் விற்கலாகாது" என்று உயில் எழுதினால் அது செல்லுமா? மலேசியாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயச் சட்டமரபைப் பெற்றவை. ஆதலின் இக்கேள்வியின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது.

1682ஆம் ஆண்டு நார்ஃபோக் கோமகன் வழக்கில், மறைந்தவரின் விருப்பம் பின்வரும் தலைமுறைகளை எல்லையின்றிக் கட்டிப்போடலாகாது என்னும் கொள்கைக்கு நாட்டிங்ஹாம் பிரபு வித்திட்டார். பின்வந்த தீர்ப்புகள் அதன் எல்லையை வகுத்தன. கொடை நடைமுறைக்கு வரும் நாளில் உயிரோடிருக்கும் ஒருவரின் ஆயுளும், அதற்குமேல் 21 ஆண்டுகளுமே அவ்வெல்லை. அதற்குள் சொத்துரிமை உரியவரைச் சேர்ந்தாக வேண்டும்.

இவ்விதி கடல் கடந்து பினாங்குக்கும் வந்தது. சீன மாது ஒருவர், தமக்கும் தம் கணவருக்கும் சமயச் சடங்குகள் நடத்த ஒரு வீட்டையும், குடும்ப இடுகாட்டுக்கென நிலத்தையும் உயிலில் ஒதுக்கியிருந்தார். இயாப் சியா நியோ வழக்கில் 1875இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், இவை பொதுமக்களுக்குப் பயன்படும் அறமல்ல என்று கூறி, அவ்வேற்பாடுகள் செல்லா என முடிவு செய்தது.

பிற்காலத்தில் சட்டமன்றங்கள் இவ்வரம்பைத் தளர்த்தின. சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 100 ஆண்டுகளை வகுத்தது. இங்கிலாந்து 2009இல் 125 ஆண்டுகளை ஏற்றது. அமெரிக்க மாநிலங்களோ போட்டியிட்டன. சவுத் டக்கோட்டா 1983இல் வரம்பையே நீக்கியது. நெவாடா 2005இல் 365 ஆண்டுகள் வரையும், புளோரிடா 2022இல் 1,000 ஆண்டுகள் வரையும் அனுமதித்தன. செல்வந்தரின் சொத்துகளைத் தம் மாநிலத்துக்கு ஈர்ப்பதும், தலைமுறை தாண்டிச் செல்லும் சொத்துக்கு 1986இல் நாடாளுமன்றம் திருத்தியமைத்த வரியும் இப்போட்டிக்குத் தூண்டுகோலாயின.

ஆயினும் ஒன்று மாறவில்லை. பொது அறத்துக்கென முறைப்படி அளிக்கப்பட்ட சொத்து, கால எல்லையின்றி நிலைபெறலாம். பொதுமக்கள் வழிபடும் ஆலயத்தின் பூசைக்கு அளிப்பது அத்தகையது. குடும்பத்தார் மட்டும் கூடும் சடங்குக்கென ஒதுக்குவது அவ்வாறு கருதப்படாமல் போகலாம்.

ஆகவே, உபயமாகவோ கட்டளையாகவோ சொத்து எழுதி வைக்க எண்ணும் அன்பர்கள், நோக்கத்தைத் தெளிவாக எழுதி, வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம். நல்லெண்ணம் மட்டும் பத்திரத்தைக் காக்காது என்பதற்குப் பினாங்கு மாதின் உயிலே சான்று. அதே வேளையில், சட்டம் அறத்துக்கு நீண்ட ஆயுளை அளிக்கலாம். அதனைக் காப்பது அறங்காவலரின் நேர்மையே. கணக்கைத் தூய்மையாக எழுதி, கொடுத்தவரின் நோக்கம் வழுவாது நடத்தும் ஆலயத்தில்தான் கொடை தலைமுறைகளைக் கடந்து வாழும். அந்நேர்மை நம் அனைவரிடத்தும் நிலைபெற எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.