நாலு மில்லிமீட்டர் மூச்சுக்குழாய்

ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு. சேர்வராயன் மலையில ஒரு குழந்தை அன்னப்பிளவோட, ரொம்பச் சின்னத் தாடையோட பிறக்குதுன்னு வைங்க. 1923-ல பியர் ரோபின்ங்கிற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வெச்ச நிலை இது. மல்லாக்கப் படுக்க வெச்சா நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சை அடைக்கும். மயக்க மருந்து குடுத்தா தசை தளர்ந்து இன்னும் மோசமாகும்.

இங்க கொஞ்சம் கணக்கு பார்த்துடுவோம், இன்ஜினியர் புத்தி விடாது. பச்சைக் குழந்தையோட மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர். சுத்திலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினா ஆரம் பாதியாகும். காத்துக்கான தடை 16 மடங்கு ஏறும். அதோட, எடைக்கு எடை பார்த்தா பெரியவங்களைவிட ரெண்டு மடங்கு ஆக்ஸிஜன் அதுக்கு வேணும். அதனால மூச்சு நின்னா நீலம் பாய நொடிகள்தான் ஆகும்.

1846-லயே பாஸ்டன்ல ஈதர் வந்தாச்சு. ஆனா பெரியவங்களுக்குச் செஞ்ச கருவியிலதான் குழந்தைகளும் மூச்சு விட்டாங்க. வால்வைத் தள்ளியே களைச்சுப் போவாங்க. விட்ட மூச்சே திரும்ப உள்ள போகும். இதை மாத்தினவர் இங்கிலாந்து நியூகாசிலைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் பிலிப் அயர். அவரே உதட்டுப் பிளவோட, அன்னப்பிளவோட பிறந்தவர். 1937-ல அவர் வெளியிட்டது வெறும் 'டி' வடிவக் குழாய்: ஒரு முனை குழந்தைக்கு, ஒண்ணு வாயு வர்றதுக்கு, மூணாவது திறந்தே இருக்கும். வால்வே கிடையாது. வடிவமைப்புல எதைச் சேர்க்கலாம்னு யோசிக்கிறவங்கதான் ஜாஸ்தி. இவர் எடுத்துப் போட்டார்.

1950-ல லிவர்பூலோட ஜாக்சன் ரீஸ், திறந்த முனைப் பக்கம் வாலில ஓட்டை உள்ள ஒரு பையை மாட்டினார். மூச்சு தானா வராட்டியும் கையால அழுத்திக் குடுக்கலாம். நுரையீரல் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு விரலுக்கே தெரியும். நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டர்ல "ஜே.ஆர். சர்க்யூட்"னு சொல்றது இதைத்தான்.

இதுக்கும் ஒரு விலை இருக்கு. விட்ட மூச்சை அடிச்சுத் தள்ள, குழந்தை ஒரு நிமிஷத்துல இழுக்கிற காத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு வாயு ஓடிக்கிட்டே இருக்கணும். சிலிண்டர் தீர்ந்தா பை சுருங்கிடும். தியேட்டர்ல இது பிரச்னை இல்லை, மலைப்பாதையில பெரிய பிரச்னை. அதனால வண்டியில கைக்கெட்டுற இடத்துல 1956-ல டென்மார்க்ல விற்பனைக்கு வந்த ஆம்பு பையும் இருக்கணும். அது தானா விரியும், சிலிண்டர் காலியானாலும் வெளிக்காத்தை இழுத்துக்கும்.