கண்ட்ரோலரும் வாரண்டியும்: மூர் மார்க்கெட்டிலிருந்து இணையக் கடை வரை

வீடியோ கேம் கண்ட்ரோலருக்கான வாரண்டி என்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் தயாரிப்புக் குறையால் அது பழுதானால் இலவசமாகச் சரிசெய்தோ மாற்றியோ தருவதாகத் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கொடுக்கும் வாக்குறுதி. இந்தியாவில் முறையான வழியில் விற்கப்படும் கண்ட்ரோலர்களுக்கு இந்தக் காலம் பெரும்பாலும் ஓராண்டு. பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படிப்பவருக்கு, தம் உரிமையெல்லாம் அந்தச் சீட்டு தந்தது என்றும், அதில் இல்லாத எதையும் கேட்க முடியாது என்றும் தோன்றும். ஆனால் சீட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே சட்டம் வந்துவிட்டது. சீட்டின் காலம் முடிந்த பிறகும் சில வேளைகளில் சட்டம் துணைக்கு நிற்கிறது. மீஞ்சூர் போன்ற ஊரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் மின்னணுப் பொருள் வாங்கியவர்களின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வரலாறு எளிதில் விளங்கும்.

மூர் மார்க்கெட், பர்மா பஜார், ரிச்சி தெரு

மீஞ்சூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பேரூர். சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் தடத்தில், எண்ணூர், அத்திப்பட்டு தாண்டி வருவது. அங்கிருந்து புறப்படும் வண்டிகளில் பலவும் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் வந்து முடியும். 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீயில் எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய புறநகர் முனையம் நிற்கிறது. பழைய புத்தகம், இசைத்தட்டு, கைமாறிய கருவிகள் என்று எல்லாம் விற்ற அந்தச் சந்தையில், வாங்குகிறவர் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஓடவில்லை என்றால் அது அவர் தலைவிதி. வாங்குபவரே விழிப்பாயிருக்கட்டும் என்ற பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவானது பர்மா பஜார். அப்போது வெளிநாட்டு நுகர்பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றில் எஞ்சியவை நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை வெளிநாட்டு வீடியோ கேம் பெரும்பாலும் பயணிகளின் பெட்டியில் வந்த பொருள். அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு இந்த ஊரில் அலுவலகமும் கிடையாது, பழுது பார்க்கும் நிலையமும் கிடையாது. கடைக்காரர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஓட்டிக் காட்டுவதே வாரண்டி. ஓடியதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, அத்தோடு கணக்கு முடிந்தது.

1990களில் மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்ற 8-பிட் கருவிகளின் கைப்பிடியைச் சிறுவர்கள் ஜாய்ஸ்டிக் என்றோ ரிமோட் என்றோ அழைத்தார்கள். உள்ளே ஒரு சிறிய மின்பலகையும், பொத்தான்களுக்கு அடியில் ஒரு ரப்பர் தகடும், அவ்வளவுதான். பொத்தான் வேலை செய்யாவிட்டால் திருகுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தெருமுனை ரேடியோ மெக்கானிக்கே போதும் என்பதால் வாரண்டியை யாரும் தேடவும் இல்லை.

பெரிய நிறுவனங்கள் நேரடியாக வந்தபோது இந்த நிலை மாறியது. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006 செப்டம்பரில் வெளியானது; பிளேஸ்டேஷன் 3 அடுத்த ஆண்டில். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருக் கடைகளில் இருவகைச் சரக்கு அருகருகே அடுக்கப்பட்டது. ஒன்று, நிறுவனம் முறையாக இறக்குமதி செய்தது. மற்றொன்று, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாராகி வேறு வழியில் வந்தது. கண்ட்ரோலர் ஒன்றேதான், விலை வேறு. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவில் முறைப்படி வெளியாகவே இல்லை. இங்கே அதை வாங்கியவர்கள் எல்லாரும் இரண்டாம் வகைச் சரக்கைத்தான் வாங்கினார்கள்.

கியாரண்டியா, வாரண்டியா?

கியாரண்டி என்றால் புதிதாக மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவார்கள் என்பது கடைத்தெரு வழக்கு. சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கியாரண்டி என்பது ஒருவர் கடனுக்கு மற்றொருவர் ஏற்கும் பிணைப் பொறுப்பு. கண்ட்ரோலருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பனையின் உறுதிமொழிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்துக்கு அடிப்படையானது நிபந்தனை. அது மீறப்பட்டால் பொருளையே மறுத்துத் திருப்பலாம். அடிப்படைக்குத் துணையானது வாரண்டி. அது மீறப்பட்டால் இழப்பீடு மட்டும் கேட்கலாம். இதில் முக்கியமானது 16ஆம் பிரிவு. ஒரு வகைப் பொருளை வழக்கமாக விற்கும் வணிகரிடம் அதை வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கும் என்ற நிபந்தனை, யாரும் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் அந்த விற்பனையில் அடங்கியிருக்கிறது. வாங்கும்போது சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

அப்படியானால் பர்மா பஜாரில் வாங்கியவருக்கும் உரிமை இருந்ததா? ஏட்டளவில் இருந்தது. ஆனால் இந்த உள்ளடங்கிய நிபந்தனையை இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசி விலக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. “கியாரண்டி கிடையாது சார், பார்த்து எடுத்துக்குங்க” என்ற கடைக்காரரின் பேச்சு வெறும் பேச்சில்லை. மேலும், சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக உரிமையியல் நீதிமன்றம் ஏறுபவர் யார்?

1986க்குப் பிறகு

ஏகபோக வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1984இல் வந்த திருத்தம், தகுந்த சோதனையின் ஆதரவின்றிப் பொருளின் திறனுக்கு உத்தரவாதம் தருவதை நேர்மையற்ற வணிகமுறை என்று சேர்த்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் எளிய மன்றங்களை ஏற்படுத்தியது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ, வெளிப்படையாகவோ உள்ளடங்கியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது ‘குறைபாடு’ என்று அச்சட்டம் வரையறுத்தது. சீட்டில் எழுதியது மட்டுமே அளவுகோல் என்ற நிலை இங்கேதான் தளர்ந்தது.

ஆனால் நுகர்வோர் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. ஒரு தெருவில் நான்கு தொலைக்காட்சி வைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கேம் சென்டர்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலர் அதிகம் தேய்வது அவரிடம்தான். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்கிறது சட்டம். நிறுவனங்களின் வாரண்டிச் சீட்டுகளும் வணிகப் பயன்பாட்டைப் பொதுவாக விலக்கிவிடுகின்றன.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன விடை ஒரு தமிழ்நாட்டு இயந்திரத்தைப் பற்றிய வழக்கில் வந்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடமிருந்து ஒரு கடைசல் இயந்திரம் வாங்கியது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று மகாராஷ்டிர மாநில ஆணையத்தில் முறையிட்டது. மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் மறுத்தது. வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று உச்ச நீதிமன்றமும் முடிவு செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கோட்டையும் தெளிவாகப் போட்டது. தட்டச்சுப் பொறி வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான். கார் வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவரும் நுகர்வோர்தான். ஆட்களை வைத்துப் பெரிய அளவில் இலாபத்துக்கு நடத்தினால் இல்லை. அந்த அளவுகோலின்படி, தானே உட்கார்ந்து நடத்தும் சிறு கேம் சென்டர்காரர் நுகர்வோர் பக்கம் வருவதற்கே வாய்ப்பு அதிகம். பலரும் இதை அறியாமல், கடை வைத்திருப்பதாலேயே உரிமை போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

தேய்மானமா, குறைபாடா?

இன்றைய கண்ட்ரோலரில் சண்டை வரும் இடம் கட்டைவிரல் படும் குச்சி. அதன் அடியில் ஒரு கரிப்பூச்சுத் தடமும், அதன் மேல் உரசி நகரும் ஒரு தொடுமுனையும் உள்ளன. உரச உரசத் தடம் தேயும். கை வைக்காமலேயே திரையில் உருவம் நகரத் தொடங்கும். இதைத்தான் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்சிட் நிறுவனம், அந்தக் குச்சியின் ஆயுள் 20 லட்சம் சுழற்சி என்பதைச் சுட்டி, ஒரு சுடும் விளையாட்டில் அது ஏறத்தாழ 417 மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும் என்று 2021இல் கணக்கிட்டது. நாளுக்கு 2 மணி நேரம் ஆடினால் ஏழு மாதம். அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கு வழக்கமான வாரண்டி 90 நாள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சீட்டில் காலத்தை யார் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்பது புரியும். காந்தப்புலத்தை உணரும், உரசலே இல்லாத குச்சியை சேகா நிறுவனம் 1998இலேயே தன் டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் வைத்திருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சாதாரணத் தேய்மானம் வாரண்டிக்குள் வராது என்பது எல்லாச் சீட்டிலும் உள்ள வரி. ஆனால் எல்லாரிடமும் ஒரே பாகம் ஒரே விதமாகச் சீக்கிரம் தேய்ந்தால், அது பயன்படுத்தியவரின் தேய்மானமா, வடிவமைத்தவரின் குறையா? நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் கண்ட்ரோலர் இந்தக் கேள்வியை உலகறியச் செய்தது. 2019இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பியூக் ஏறத்தாழ 25,000 முறையீடுகளைத் திரட்டி 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் சென்றது. வாரண்டிக் காலம் முடிந்திருந்தாலும் டிரிஃப்ட் குறையை இலவசமாகச் சரிசெய்து தருவதாக 2023 ஏப்ரலில் நிறுவனம் ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, 2020 அக்டோபரில், தன் எலைட் சீரிஸ் 2 கண்ட்ரோலரின் வாரண்டியை 90 நாளிலிருந்து ஓராண்டாக்கி, ஏற்கெனவே விற்றவற்றுக்கும் அதைப் பொருத்தியது.

‘இந்த ஒட்டுத்தாள் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்ற எச்சரிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. வெளியாளிடம் பழுது பார்த்ததாலேயே வாரண்டியை மறுப்பது அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் சட்டத்துக்கு முரண். 2018 ஏப்ரலில் அந்நாட்டு வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றும் அதில் அடங்கும். இந்தியாவில் இதற்கு நிகரான தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்க உரிமைக்கான இணையவாயில் ஒன்றைத் தொடங்கியதோடு நிற்கிறது. ஆகவே வாரண்டி உயிரோடு இருக்கும்வரை கண்ட்ரோலரைத் திறக்காமல் இருப்பதே இங்கே உத்தமம்.

மீஞ்சூரிலிருந்து திருவள்ளூருக்கு

பழைய சட்டத்தின்படி, ரிச்சி தெருவில் வாங்கிய பொருளுக்கு மீஞ்சூர்க்காரர் சென்னையில் முறையிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்றது. மீஞ்சூருக்கு அது திருவள்ளூர் மாவட்ட ஆணையம். இதில் ஒரு வேடிக்கை: திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் தடத்தில். ரயிலில் போவதானால் சென்னைப் பக்கம் வந்துதான் மாற வேண்டும்! 2020 செப்டம்பரில் தொடங்கிய இ-தாக்கில் இணையவழி முறையீட்டுக்குப் பிறகு இந்தச் சுற்றுப்பயணம் பெருமளவு குறைந்தது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பார்க்கலாம். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதிய சட்டம் கடைத்தெருவின் இரண்டு பழக்கங்களையும் பெயர் சொல்லித் தொடுகிறது. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘பில் வேண்டாம் என்றால் விலை குறையும்’ என்ற பேச்சில் குறைவது எது என்பது இப்போது தெரியும். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்சச் சில்லறை விலையும், நுகர்வோர் தொடர்பு விவரமும் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. அது இல்லாத பெட்டிக்கு இந்தியாவில் வாரண்டி ஏற்கும் நிறுவனம் இருப்பது அரிது. எனினும் விற்ற கடைக்காரர்மீது சட்டப்படியான உரிமை அப்போதும் இருக்கிறது. அதை நிறுவத் தேவைப்படுவது பில்.

அந்தப் பில் இப்போது வெப்பத்தாளில் அச்சாகிறது. பீரோவில் பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து மங்கி, வாரண்டி முடியும் முன்பே வெற்றுத்தாள் ஆகிவிடக்கூடும். வாங்கிய அன்றே அதையும், பெட்டியின் ஒட்டுத்தாளையும், கண்ட்ரோலரின் பின்புறத்துத் தொடர் எண்ணையும் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.