திரமும் மதுவும்: கொங்கு நாட்டில் ஒரு தோல் அரிப்பின் முன்வரலாறு

மது குடித்த சற்று நேரத்தில் முகம் சிவக்கிறது, கழுத்திலும் மார்பிலும் சூடு பரவுகிறது, தோல் அரிக்கிறது. கொங்கு நாட்டில் இதற்கான பழி முதலில் விழுவது பாட்டிலின் மேல்தான். 'சரக்கு சரியில்லை' என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குடித்தவர் அன்று பகலில் எதைக் கையால் தொட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுப் பின்புலம் உண்டு. அது தொழிற்சாலையில் பிறந்து, மருத்துவமனை வழியாக நம் கடலைக்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

உடலில் நடப்பது இதுதான். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அந்த நச்சுப்பொருளை அசிட்டேட்டாக்கி அடக்குகிறது. நொதி முடங்கினால் அசிட்டால்டிஹைடு தேங்கும். இரத்தக் குழாய்கள் விரிவதும் ஹிஸ்டமின் சுரந்து தோல் அரிப்பதும் அதன் விளைவு. சீனா, ஜப்பான், கொரியா மக்களில் கணிசமானோருக்கு இந்த நொதி பிறவியிலேயே பலவீனமானது. இந்தியர்களிடம் அந்த மரபுக்கூறு அரிது. ஆகவே இங்கே நொதி முடங்கினால், முடக்கியது எது என்று வெளியே தேட வேண்டும்.

1914இல் ஜெர்மானிய மருத்துவர் கோல்ஷ், சயனமைடு தொழிற்சாலை ஆட்கள் கொஞ்சம் மது குடித்தாலே முகம் சிவந்து தவிப்பதைப் பதிவு செய்தார். கால்சியம் சயனமைடு ஓர் உரம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். 1937இல் அமெரிக்க ரப்பர் தொழிற்சாலை மருத்துவர் வில்லியம்ஸ் அதே போன்ற செய்தியை வெளியிட்டார். ரப்பர் பதப்படுத்தலை விரைவுபடுத்தும் டெட்ராமெத்தில்தயூரம் சேர்மங்களோடு புழங்கியவர்களால் மதுவைத் தொட முடியவில்லை. குடிநோய்க்கு மருந்து இதிலேயே கிடைத்துவிடுமோ என்றும் அவர் யோசித்திருக்கிறார்.

அதே 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இன்றைய நாமக்கல்லும் திருச்செங்கோடும் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. திருச்செங்கோட்டுக்கு அருகில் 1925இல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் அதற்கு முன்பே மதுவிலக்குப் பிரசாரக் களமாகியிருந்தது. வில்லியம்ஸின் யோசனைக்கும் ராஜாஜியின் மதுவிலக்குக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது: மதுவிலக்கு கடையை மூடியது, மருந்து பிற்காலத்தில் உடலையே மூடப் பார்த்தது. 1948 அக்டோபரில் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டு கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹால்டும் எரிக் யாக்கோப்சனும் டைசல்ஃபிரத்தை மதுவுக்கு எதிரான மருந்தாக உலகுக்கு அறிவித்தார்கள். குடற்புழுவுக்காகச் சோதித்த மாத்திரை அது. தாங்களே விழுங்கிப் பார்த்ததில், பிறகு மது குடித்தபோது உடல் தவித்துப்போனதை உணர்ந்தார்கள். நம் ஊர்களில் குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கப்படுவதும் இந்த மாத்திரைதான். வீட்டார் படும் பாட்டைப் புரிந்துகொள்ள முடிகிறது; ஆயினும் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய செயல் அது.

டைசல்ஃபிரத்தின் சேர்மக் குடும்பத்தில் இன்னொரு வேடிக்கை மோனோசல்ஃபிரம். சொறி சிரங்குக்கு நம் மருந்துக் கடைகளில் விற்கும் டெட்மசால் சோப்பில் இருப்பது. அரிப்பைப் போக்க வந்த இந்த மருந்தைப் பூசிக்கொண்டு மது குடித்தவர்களுக்கு முகம் சிவந்து தவிப்பு வந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு.

இனி வயலுக்கு வருவோம். வில்லியம்ஸ் பெயர் சொன்ன டெட்ராமெத்தில்தயூரம் டைசல்ஃபைடுதான் விவசாயி அறிந்த திரம். டைசல்ஃபிரத்தில் எத்தில் இருக்கும் இடத்தில் இதில் மெத்தில். வேதியியலில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். 1930களில் டூபாண்ட் நிறுவனம் இவ்வகைச் சேர்மங்களுக்குப் பூஞ்சணக் கொல்லியாகக் காப்புரிமை பெற்றது. சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு வந்தது, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. அதன் பயிர்ப் பரிந்துரைகளில் 'கிலோ விதைக்கு திரம் 4 கிராம்' என்பது பல்லாண்டுகளாகப் பழகிய வாசகம். நிலக்கடலை, பயறு வகை என்று பட்டியல் நீளும். விதையழுகலைத் தடுப்பதில் அது நல்ல மருந்துதான். அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆடிப்பட்டத்துக்கு முன் சாக்கில் கொட்டிய நிலக்கடலைப் பருப்பில் திரத் தூளைத் தூவி, வெறுங்கையால் புரட்டுபவர் அதை மூச்சிலும் இழுக்கிறார், தோலிலும் வாங்குகிறார். மாலையில் அவர் டாஸ்மாக்குக்குப் போனால் அமெரிக்க ரப்பர் தொழிலாளிக்கு நேர்ந்தது அவருக்கும் நேரலாம். திரம் தனியாகவே தோல் ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் இரண்டும் குழம்பிப்போகும். கையுறை போட்டால் தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சில ரப்பர் கையுறைகளிலேயே தயூரம் உண்டு. தொழிலாளியின் உடல் முதலில் கண்டுபிடித்த விளைவையே மருத்துவர்கள் பின்னர் மருந்தாக்கினார்கள். தொழிலாளியைத் தாக்கிய பொருள் வயலுக்கு வந்தபோது அந்த எச்சரிக்கை கூடவே பரவவில்லை என்பது என் துணிபு.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திரத்துக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. இந்திய அரசு 2020 மே மாதம் தடைசெய்ய முன்மொழிந்த 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலிலும் அது இருந்தது. கார்பாக்சினோடு சேர்த்த விதை நேர்த்திக் கலவையாகவும் அது இந்தியாவில் விற்பனையில் இருந்துவந்திருக்கிறது.

குடித்தபின் வரும் எல்லா அரிப்பும் திரத்தால் வருவதல்ல. பீரிலும் ஒயினிலும் ஹிஸ்டமினே உண்டு. பழைய தடிப்பு நோய் மதுவால் கிளம்பலாம். கல்லீரல் கெட்டுப் பித்தம் தேங்கினாலும் உடம்பெல்லாம் அரிக்கும், அது குடிக்காத நாளிலும் விடாது. பொள்ளாச்சியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ விதைப்புப் பருவத்தில் குடித்தபின் அரிக்கிறது என்று ஒருவர் வந்தால், எவ்வளவு குடித்தார் என்பதோடு கடந்த இரண்டு வாரங்களில் விதைக்கு மருந்து கலந்தாரா, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்றும் மருத்துவர் கேட்க வேண்டும். டைசல்ஃபிரத்தின் தாக்கமே கடைசி மாத்திரைக்குப் பின் 14 நாள் வரை நீடிக்கக்கூடியது. அரிப்போடு மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்தால் கேள்விகள் பிறகு. முதலில் அவசர சிகிச்சை.