புதிதாய்ப் பிறந்தவையும் மிச்சமாய் நின்றதும்

ஹவாய், நியூ கலிடோனியா இரண்டும் பசிபிக் கடலில் உள்ளவை. ஹவாயின் சொந்தப் பூக்கும் தாவரங்களில் பத்தில் ஒன்பது பங்கு உலகில் வேறெங்கும் கிடையாது. நியூ கலிடோனியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அப்படி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே ரகம். ஆனால் இங்கிருந்து ஒரு செடி, அங்கிருந்து ஒரு செடி என எடுத்துப் பூர்வீகத்தைத் துருவினால், இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துச் செல்கின்றன.

முதலில் ஹவாய். கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி எழுந்த இந்தத் தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. மனிதர் வருவதற்கு முன் அங்கே வேர்விட்ட ஒவ்வொரு செடியின் மூதாதையும் காற்றிலோ அலையிலோ பறவையோடோதான் வந்திருக்க வேண்டும். மாவி தீவின் ஹலேயாகலா எரிமலையில், 2,100 மீட்டருக்கு மேல், கரியும் சாம்பலுமான சரிவில் சில்வர்ஸ்வோர்டு வளர்கிறது. கத்தி போன்ற இலைகள். மேலெல்லாம் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளி மயிர். உள்ளே நீரைப் பிடித்து வைக்கும் கூழ். பல பத்தாண்டுகள் தரையோடு குந்தியிருந்து, ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்குப் பூந்தண்டு விட்டு, விதை முற்றியதும் செத்துவிடும்.

இதன் நெருங்கிய உறவினங்களைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று சொல்லத் தோன்றாது. கவாய் தீவில் கம்பம் போன்ற தண்டின் உச்சியில் இலைக்கொத்து ஏந்திய வில்கெசியா, மழைக்காட்டில் மரமாக நிற்கும் துபாட்டியா, கொடியாகப் படரும் துபாட்டியா, சதுப்பில் மெத்தைபோல் பரவும் துபாட்டியா என்று 3 பேரினங்களில் 30-க்கும் மேற்பட்ட இனங்கள். இவற்றின் பூர்வீகம் கலிபோர்னியாவின் டார்வீடு எனும் பிசுபிசுப்பான சிறு செடிகள் என்று, உள்ளமைப்பை ஆராய்ந்து தாவரவியலாளர் ஷெர்வின் கார்ல்குவிஸ்ட் 1959-இல் வாதிட்டார். புரூஸ் பால்ட்வினும் அவருடைய சகாக்களும் 1991-இல் வெளியிட்ட டிஎன்ஏ ஆய்வு அதை உறுதிசெய்தது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 4,000 கி.மீ. கடலைத் தாண்டி வந்த ஒரு மூதாதையின் வழித்தோன்றல்களே இத்தனையும். ஒட்டும் தன்மையுள்ள கனி பறவையின் இறகைப் பற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. போட்டியில்லாத நிலம், மழைக்காடு முதல் வறண்ட எரிமலைச் சரிவுவரை மாறும் சூழல், ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய தீவுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒன்றைப் பலவாக்கின. இதுதான் தகவமைப்புப் பரவல்.

நியூ கலிடோனியாவின் அம்போரெல்லா இதற்கு நேர்மாறு. அதற்கு உடன்பிறப்பே இல்லை. ஒரு குடும்பம், ஒரு பேரினம், ஒரே இனம். கிராந்த் தேர் எனும் பெருந்தீவின் ஈரக்காட்டு நிழலில் வளரும் புதர் அது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விரல்நுனியில் அடங்கும் வெளிர்மஞ்சள் பூ, சிவந்த சிறு கனி. பெரும்பாலான பூக்கும் தாவரங்கள் நீரேற்றப் பயன்படுத்தும் சைலக்குழாய்கள் இதன் தண்டில் இல்லை. 1999-இல் வெளியான மரபணு ஆய்வுகள், பூக்கும் தாவர மரத்தில் முதலில் பிரிந்த கிளை இதுவே என்று காட்டின. 2013-இல் அதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது.

இதை வைத்து அம்போரெல்லாவை எல்லாப் பூக்களுக்கும் பாட்டி என்பது தவறு. ஆதியிலேயே பாகம் பிரிந்துபோன பங்காளி என்பதே சரி. மற்றக் கிளை சுமார் 3 லட்சம் இனங்களாகப் பெருகியது. இந்தக் கிளையில் இன்று மிஞ்சியது ஒன்றுதான்.

பழங்கிளை என்பதால் அது பழங்காலம்தொட்டு இந்தத் தீவிலேயே இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. நியூ கலிடோனியாவைத் தாங்கும் நிலத்துண்டு சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா எனும் பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தது உண்மை. ஆனால் அது பின்னர் நெடுங்காலம் கடலுக்கடியில் கிடந்து, சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மீண்டும் எழுந்தது என்பதே பல நிலவியலாளர்களின் முடிவு. அம்போரெல்லாவின் கிளையோ 13 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அப்படியானால் அதன் முன்னோர் வேறெங்கோ வாழ்ந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் அற்றுப்போயிருக்க வேண்டும். ஹவாய்ச் செடிகளைப் போலவே இதுவும் ஒரு காலத்தில் வந்தேறிதான்.

ஆக, கிளையின் வயது வேறு, குடியிருப்பின் வயது வேறு. செடியின் தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. விசித்திரமாகத் தெரியும் சில்வர்ஸ்வோர்டு புதியது. சாதாரணப் புதராகத் தெரியும் அம்போரெல்லா பழையது. உறவினம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நெருக்கம், நிலம் எப்போது தலைதூக்கியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூர்வீகம் புலப்படும்.

பாதுகாப்புக்கும் இது பொருந்தும். ஹவாயில் காக்க வேண்டியது ஒரு செடியை மட்டுமல்ல. புதிய இனங்களை ஈன்றுகொண்டிருக்கும் அந்தப் பலதரப்பட்ட சூழலையும்தான். நியூ கலிடோனியாவிலோ அம்போரெல்லா என்ற ஒரே இனம் அழிந்தால், பூக்கும் தாவரங்களின் முதற்கிளையே முழுதாக முறிந்துவிடும்.