காதியும் மருமகனும்: வாவிக்கரையில் ஆண், சட்டம், வழமை

செங்கலடிச் சந்தியிலிருந்து பக்கத்து ஏறாவூர் வரை நடந்தால், தமிழர் தெருவிலும் முஸ்லிம் தெருவிலும் ஒரு வழமை மாறுவதில்லை. வீடு மகளுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் போய் இருப்பான். குடி தாய்வழியாக வரும். “குமருக்கு ஊடு கட்டி முடியல்ல, அதுக்குள்ள இவனுக்கென்ன கலியாணம்?” என்று பெரியவர்கள் பேசுவதைச் சின்ன வயதிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன்.

இந்த வழமை ஏட்டுச் சட்டத்துக்கு முந்தியது. தாய்வழி முதுசத்தைப் பேசும் மட்டக்களப்பு முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிறிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் வலுவை நீக்கியது. முஸ்லிம்களுக்கோ 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரண சாதனம் எழுதாதவரின் சொத்து அவரவர் மத்ஹபின் படி பிரியும்: மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் வாப்பா மௌத்தாகும் முன்பே வீடு மகள் பெயருக்குப் போய்விடும். தாளில் இரட்டைப் பங்குக்காரனாக இருப்பவன், ஊரில் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் கல் சுமக்கிறவன்.

இனி மறுபக்கம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் காதி ஆணாகவே இருக்க வேண்டும். ஷாபிஈ பெண்ணின் சம்மதத்தை அவளுடைய வலிதான் தெரிவிப்பார். பதிவில் மணமகளின் ஒப்பம் தேவையில்லை. கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. மனைவி பஸஹ் கேட்டால் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆகியது. இங்கே 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்துக்குக்கூட, காதியின் அனுமதி இருந்தால் போதும். இவை சமத்துவ உரிமையோடு முரண்பட்டாலும், 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை செல்லுபடியாக வைத்திருக்கிறது.

அப்படியென்றால் நமது ஆண் அதிகாரம் பெற்றவனா, சுமை ஏற்றப்பட்டவனா? பெண்ணியச் சட்டக் கோட்பாட்டாளர் நான்சி டவுட் 2010இல் எழுதிய நூல் இந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறது: ஆண்கள் கூட்டாகச் சலுகை பெறுகிறார்கள், அவர்களுக்குள்ளேயே பலர் தாழ்த்தவும் படுகிறார்கள். வாவிக்கரையில் இவ்விரண்டையும் ஒரே ஆளிடம் காணலாம். வாப்பா இல்லாத வீட்டில், வெளிநாட்டில் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டும் நானாதான் அவளுக்கு வலியாகவும் வருவான். “செலவெல்லாம் ஆம்புளதானே பாக்கான்” என்ற பேச்சு சுமையைச் சொல்லி அதிகாரத்தைக் கேட்கிறது.

ஆனால் அதிகாரம் சுமையின் அளவுக்குப் பிரிவதில்லை. காதிக் கதிரைக்கு நல்ல நடத்தையோடு சமூக அந்தஸ்தையும் சட்டம் கேட்கிறது. கல் சுமந்த நானாவுக்கு அந்தக் கதிரை கிடைப்பது அரிது. அதன் முன்னால் வழக்காளியாக நிற்பதே அவன் பங்கு. பெண்ணின் நிலைமை இன்னும் விசித்திரம். நொத்தாரிசின் முன்னால் வீட்டு நன்கொடையை ஏற்று அவள் ஒப்பமிடலாம். அந்த வீட்டுக்குள் நடக்கும் நிகாஹுக்கு அவள் ஒப்பம் வேண்டாம். சொத்துக்குச் செல்லும் கையெழுத்து, சொந்த வாழ்க்கைக்குச் செல்லாதா?

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த சீர்திருத்தக் குழு, 2018இல் அறிக்கை கொடுத்தபோது இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்றது. மணமகளின் ஒப்பம், பெண் காதி, 18 வயது ஆகியவற்றை ஆண்களின் இழப்பாகப் பார்க்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இவற்றால் எந்த நானாவுக்கு என்ன நட்டம்? அவன் முதுகிலுள்ள கல்லை இறக்கத்தான் வேண்டும். அதற்குச் சீதன வீட்டைப் பற்றி நாம் ஜமாஅத்தில் வாய் திறக்க வேண்டும். தங்கச்சியின் பேச்சை அவன் கையில் கொடுத்து வைப்பது அந்தச் சுமைக்குக் கூலியாகாது.