தெரசாவின் புல்வெளி

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட், உலகப் புகழ்பெற்ற பீர் திருவிழா. ஆனால் அது தொடங்கியது ஒரு கல்யாணத்தில்!

1810 அக்டோபர் 12 அன்று பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து, ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்த இடத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே சூட்டினார்கள். 1811இல் மறுபடியும் பந்தயம் நடந்தது, கூடவே விவசாயக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. பீர் முக்கிய இடத்தைப் பிடித்தது பிறகுதான்.

1854இல் மியூனிக்கில் காலரா பரவியதால் விழா ரத்தானது. அதே அக்டோபரில் தெரசாவும் காலராவுக்குப் பலியானார். 1873இல் காலரா மீண்டும் விழாவை நிறுத்தியது. இரண்டு உலகப் போர்களின்போதும் விழா இல்லை.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா குறுக்கே வந்தது. அதனால்தான் 2022 செப்டம்பர் 17க்காக மக்கள் அத்தனை ஆவலோடு காத்திருந்தார்கள். அன்று நண்பகல் 12 மணிக்கு நகர மேயர் சுத்தியலால் குழாயை அடித்து இறக்கி முதல் பீப்பாயைத் திறந்தார். 1950 முதல் இருந்துவரும் வழக்கம் இது. அதுவரை கூடாரங்களில் யாருக்கும் பீர் கிடையாது.

இருநூறு ஆண்டுகளில் கொள்ளைநோயும் போரும் பலமுறை தடுத்தும், மக்கள் அந்தப் புல்வெளிக்குத் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.